சூரை வரும் வழியில் கட்டிய வலைவீடு

கேள்வி இது: "சிசிலித் தீவுப் பக்கம் சூரை மீன்களை வலைக்குள் அடைத்து, கடல் சிவக்கும்வரை கொக்கியால் குத்தித் தூக்கும் பழைய காணொளி ஒன்றைப் பார்த்தேன். அது என்ன முறை? இப்படிக் கொன்று குவித்ததால்தான் அந்த மீன் அழியும் நிலைக்கு வந்ததா? இப்போதும் நடக்கிறதா?"

நீங்கள் பார்த்த காட்சியின் பெயர் மத்தான்சா. கொல்லுதல் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து இத்தாலிக்கு வந்த பெயர். அந்தக் காணொளியைப் பார்க்கும் பெரும்பாலோர் உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அதனால் அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. இந்தப் பொறிவலைகள் பல நூறு ஆண்டுகள் ஒரே கடலில், ஒரே இடத்தில் வேலை செய்தன. அத்தனை காலமும் சூரை வந்துகொண்டேதான் இருந்தது. மீனை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது வேறொரு வலை. அதன் பெயர் நம் மீனவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த மீனைப் பற்றியும், பொறி வேலை செய்யும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மீன் நீலத்துடுப்புச் சூரை. நம் சந்தையில் கிடைக்கும் சூரையின் உறவுதான், ஆனால் உருவத்தில் ராட்சசன். 3 மீட்டர் வரை நீளும். 200, 300 கிலோ என்பது சாதாரணம். 1979இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 679 கிலோ இருந்தது. பெரும்பாலான மீன்களின் உடம்பு தண்ணீரின் குளிரோடு குளிராக இருக்கும். இந்த மீனின் தசையில் சூடான ரத்தக்குழாயும் குளிர்ந்த ரத்தக்குழாயும் பின்னிப் பிணைந்து ஓடுவதால், உடம்பில் உண்டாகும் சூடு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் நார்வே ஓரத்துக் குளிர்நீரிலும் இரை தேடும், இரண்டு மாதத்துக்குள் அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்தும் விடும்.

எங்கே திரிந்தாலும், கிழக்கு அட்லாண்டிக்கில் வாழும் கூட்டம் முட்டையிட மத்தியதரைக் கடலுக்கு வந்தாக வேண்டும். குஞ்சு பிழைக்க வெதுவெதுப்பான நீர் தேவை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, கொழுத்த உடம்போடு கூட்டம் கூட்டமாக ஜிப்ரால்டர் நீரிணைக்குள் நுழையும். பலேயாரிக் தீவுகளைச் சுற்றியும், சிசிலி, மால்டா பக்கத்திலும், இன்னும் கிழக்கே சைப்ரஸ் பக்கமும் முட்டையிடும். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் மெலிந்துபோய்த் திரும்பும். ஸ்பானிய மீனவர்கள் உள்ளே வரும் மீனுக்கு ஒரு பெயரும் திரும்பிப் போகும் மீனுக்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் விலையும் வேறு, சமையலும் வேறு.

நீரிணையின் மிகக் குறுகிய இடம் 14 கிலோமீட்டர்தான். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே வாசல் வழியாக, கரையை ஒட்டி வருகிற மீனைத் துரத்திக்கொண்டு போக வேண்டிய அவசியம் என்ன? வழியில் காத்திருந்தால் போதும். இந்த மீன்பிடி முறை முழுவதும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

இத்தாலியில் இந்தப் பொறியைத் தொன்னாரா என்பார்கள், ஸ்பெயினில் அல்மத்ராபா. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் சிறகுவலை கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை உடனே புரியும். ஒரு நீண்ட வலைச்சுவர் மீனை வழிமறிக்கும், அதன் முனையில் அறைகள் இருக்கும், உள்ளே போனது வெளியே வராது. தொன்னாராவில் அளவுதான் மலைக்க வைக்கும். வழிமறிக்கும் சுவர் கரையிலிருந்து கடலுக்குள் சில கிலோமீட்டர் வரைகூடப் போகும். கடலடியில் நூற்றுக்கணக்கான நங்கூரங்கள், மேலே வரிசையாக மிதவைகள், இடையில் முப்பது மீட்டரும் அதற்கு மேலும் தொங்கும் வலை. ஒரு தெருவையே தண்ணீருக்குள் இறக்கி வைத்ததுபோல இருக்கும்.

இதில் எனக்கு வியப்பான விஷயம், அந்தச் சுவரின் கண்கள் மிகப் பெரியவை. சூரை நினைத்தால் பல இடங்களில் நுழைந்தே போய்விடலாம். போகாது. எதிரே கயிறுகளின் நிழல் தெரிந்ததும் ஆழம் இருக்கும் பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்தில்தான் வாய் திறந்திருக்கிறது. உள்ளே போனால் ஓர் அறை, அடுத்து இன்னோர் அறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே கயிற்றால் ஏற்றி இறக்கும் வலைக்கதவு. சிசிலியில் அறைகளுக்குப் பெயர்கள் உண்டு: கிழக்கறை, மேற்கறை என்று காற்றுத் திசையின் பெயர்கள் சில, ஊருக்கு ஊர் மாறும் பெயர்கள் சில. இந்த அறைகளில் வலையாலான தரை கிடையாது, கீழே வெறும் கடலடிதான். மீன் பல நாட்கள் அங்கேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும், அதற்கு ஒரு கீறலும் விழாது. கடைசி அறைக்கு மட்டும்தான் தரை உண்டு. தடித்த கயிற்றில் நெருக்கமாகப் பின்னிய தரை. நம் கரைவலையில் மடி என்கிறோமே, அதுபோல. அதன் இத்தாலியப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'மரண அறை'.

இத்தனைக்கும் தலைவர் ஒருவர். சிசிலியில் அவரை ராயிஸ் என்பார்கள். அரபியில் தலைவன் என்று பொருள். சிசிலி 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை அரபியர் ஆட்சியில் இருந்தது, அந்தச் சொல் அன்றிலிருந்து போகவே இல்லை. நங்கூரத்தை எங்கே போடுவது, கதவை எப்போது திறப்பது, எந்த நாளில் வலையைத் தூக்குவது எல்லாம் அவர் சொல்வதுதான். அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அமுக்கி உள்ளே பார்த்து, எத்தனை மீன் என்று கணக்குச் சொல்வார். நீரோட்டம் தவறான பக்கம் ஓடினால் நூறு பேர் தயாராக நின்றாலும் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. முதலாளி யாராக இருந்தாலும் கடலில் ராயிஸின் சொல்தான் கடைசிச் சொல். பொறியின் வாசலில் புனிதர்களின் படம் கட்டிய சிலுவை ஒன்றையும் நடுவார்கள்.

மத்தான்சா நாளில் நடப்பது இதுதான். மீன்களை ஒவ்வொரு அறையாகக் கடத்தி மரண அறைக்குள் விட்டுக் கதவை அடைப்பார்கள். நீண்ட கறுப்புப் படகுகள் அதன் பக்கங்களில் வந்து நிற்கும். நடுவில் சின்னப் படகு ஒன்றில் ராயிஸ். அவர் சைகை காட்டியதும் ஆட்கள் தரைவலையைக் கையால் இழுக்கத் தொடங்குவார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடி இழுப்பார்கள். சாலோமா என்று அந்தப் பாட்டுகளுக்குப் பெயர். நம் கரைவலைக்காரர்களின் அம்பாப் பாட்டு எதற்கோ அதற்குத்தான் இதுவும்: எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். சில பாட்டுகளில் வரும் சொற்கள் பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாத அளவுக்குத் தேய்ந்துபோன அரபு என்பார்கள்.

வலைத்தரை மேலே வர வர நீர் குறையும். முதலில் துடுப்புகள் தெரியும். அப்புறம் 200 கிலோ உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு நீரை வெண்ணுரையாக அடிக்கும். படகின் விளிம்பில் நிற்பவர்கள் நீண்ட கொக்கிகளால் குத்தி, ஒரு மீனுக்குப் பலர் சேர்ந்து, மீன் துள்ளும் வேகத்தையே பயன்படுத்தி உள்ளே புரட்டுவார்கள். வாலடி பட்டால் எலும்பு முறியும். நீங்கள் பார்த்த சிவப்பு அந்தக் கடைசிக் கட்டத்தில் வருவது. கொடூரமான காட்சிதான், அதை மறுக்க மாட்டேன். அந்த மீனவர்களும் மறுத்ததில்லை. பிடித்த மீனை எண்ணி முடித்ததும் ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் கரைக்குத் திரும்புவார்கள்.

இதன் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாவிஞ்ஞானா என்ற தீவுதான் சிசிலியின் புகழ்பெற்ற தொன்னாரா இருந்த இடம். அதற்கு அடுத்த தீவான லெவான்சோவில் ஜெனோவேசே குகை இருக்கிறது. அதன் சுவரில் புதிய கற்கால மனிதர் வரைந்த உருவங்களில் சூரை மீனும் உண்டு. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படை தோற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து அதை நாடகமாக எழுதிய ஏஸ்கிலஸ், தண்ணீரில் விழுந்த வீரர்களைக் கிரேக்கர்கள் உடைந்த துடுப்புகளால் சூரை மீனை அடிப்பதுபோல அடித்தார்கள் என்று எழுதினார். ஏதென்ஸ் கூட்டத்துக்கு அந்த உவமையை விளக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஓப்பியன் என்ற கிரேக்கக் கவிஞர், சூரைக்கு விரிக்கும் வலை வாயிலும் காவலும் உள்முற்றமும் கொண்ட ஒரு நகரம்போல இருக்கிறது என்று பாடியிருக்கிறார். இன்றைய தொன்னாராவுக்கும் அந்த வர்ணனை அப்படியே பொருந்தும்.

ஸ்பெயினின் காதிஸ் கரையில் கதை கொஞ்சம் வேறு. ஃபினீசியர் கட்டிய காதிர் நகரத்தின் நாணயங்களிலேயே சூரை மீன் பொறித்திருக்கிறது. தரீஃபாவுக்குப் பக்கத்தில் பொலோனியா கடற்கரையில் பைலோ கிளவுதியா என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன. மீனை உப்பிட்ட தொட்டிகள் வரிசையாக இன்றும் அப்படியே கிடக்கின்றன. அரபியர் காலத்தில்தான் அல்மத்ராபா என்ற பெயர் வந்தது, 'அடிக்கும் இடம்' என்று பொருள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஸ்தீலிய அரசர் இந்தக் கரையின் சூரை உரிமையைக் குஸ்மான் குடும்பத்துக்குக் கொடுத்தார். பின்னாளில் மெதீனா சிதோனியா பிரபுக்களாக ஆன அந்தக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்த ஏகபோகத்தை வைத்திருந்தது. இதே கரையில் ஸஹாரா என்ற ஊரில் (பாலைவனம் இல்லை) அவர்கள் கட்டிய கோட்டை ஒரே நேரத்தில் அரண்மனையாகவும், கடற்கொள்ளையரைத் தடுக்கும் அரணாகவும், மீன் உப்பிடும் கூடமாகவும் இருந்தது.

ஆனால் அந்தக் காலத்து அல்மத்ராபா அறைகள் உள்ள பொறி இல்லை. கரையில் கோபுரம் கட்டி ஆள் நிற்பார். கூட்டம் தெரிந்ததும் கொடி காட்டுவார். படகுகள் வளைத்து வலை போட, நூற்றுக்கணக்கானோர் கரையிலிருந்து இழுப்பார்கள். ஏறக்குறைய நம் கரைவலைதான். அத்தனை ஆட்களுக்கு எங்கே போவது? ஸ்பெயின் முழுவதிலிருந்தும் நாடோடிகளும் திருடர்களும் வீட்டைவிட்டு ஓடிவந்த பையன்களும் ஸஹாராவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1613இல் வெளியிட்ட ஒரு கதையில், போக்கிரித்தனத்தில் பட்டம் வாங்கும் இடமாக ஸஹாரா அல்மத்ராபாவைக் காட்டுகிறார். நங்கூரமிட்டு நிலையாக நிற்கும் அறைப்பொறி பின்னால்தான் இந்தக் கரையில் நிலைபெற்றது.

மறுபடி சிசிலி. 1874இல் இஞ்ஞாஸியோ ஃப்ளோரியோ என்ற பலெர்மோ வணிகர் ஃபாவிஞ்ஞானாவையும் சுற்றியுள்ள ஏகாதித் தீவுகளையும் ஜெனோவாவின் பல்லவிச்சினி குடும்பத்திடமிருந்து மொத்தமாக விலைக்கு வாங்கினார். தீவோடு கடலின் மீன்பிடி உரிமையும் சேர்த்து. அதற்கு முன்பே அந்தத் தொன்னாரா பெரியது. 1859ஆம் ஆண்டில் மட்டும் 10,159 சூரைகள் பிடிபட்டதாகக் கணக்கு இருக்கிறது. ஃப்ளோரியோ செய்தது, உப்பில் போட்டுப் பீப்பாயில் அடைத்துக்கொண்டிருந்த மீனை வேகவைத்து ஆலிவ் எண்ணெயில் டப்பாக்களில் அடைத்தது. தாமியானி அல்மெய்தா என்ற கட்டடக் கலைஞர் துறைமுகத்தை ஒட்டி அதற்கென்று பெரிய தொழிற்சாலை எழுப்பினார். கல் வளைவுகள், உயர்ந்த புகைபோக்கிகள், மீனை வரிசையாகத் தொங்கவிடும் கூடம். ஆண்கள் கடலில், பெண்கள் டப்பா அடைக்கும் மேசையில் என்று தீவு முழுக்க அந்த ஒரு மீனை நம்பி வாழ்ந்தது.

மீனின் ஒரு துண்டுகூட வீணாகாது. வயிற்றுச் சதை கொழுப்பானது, விலை அதிகம். முட்டைப்பையை உப்பிட்டு அழுத்திக் காயவைத்தால் போத்தார்கா, உணவின்மேல் சீவிப் போடுவார்கள். ஆண் மீனின் விந்துப்பை, இதயம், தலைக்குமேல் இருக்கும் கெட்டிச்சதை எல்லாவற்றுக்கும் தனிப்பெயரும் தனிச்சமையலும் உண்டு. முதுகுச் சதையை உப்பில் புதைத்துக் காற்றில் உலர்த்தினால் ஸ்பெயினில் மொகாமா. கத்தியால் மெல்லிசாகச் சீவித்தான் சாப்பிட முடியும். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் புகை போடாதது. மீனை வகுந்து எடுக்கும் வேலைக்கு காதிஸ் கரையின் பார்பாத்தே ஊரில் ரோன்கேயோ என்று பெயர், குறட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது. கத்தி முதுகெலும்பை உரசிக்கொண்டு போகும்போது வரும் ஓசை குறட்டைபோல இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

பொறிவலைகள் இன்னொரு கொடையையும் விட்டுப் போயிருக்கின்றன. அதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரே இடத்தில், ஒரே விதமான வலை, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மீன் என்று முதலாளியின் கணக்கர் எழுதிய பேரேடு. உலகத்தில் இவ்வளவு நீண்ட மீன்பிடிக் கணக்கு வேறு மிக அரிது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ரவியேவும் ஃப்ரொமாந்தானும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் கணக்குகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்து 2001இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த பொறிகளில்கூட மீன் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியிருக்கிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 ஆண்டுகள். அதாவது பொறி இருந்த காலத்திலும் மீன் குறைந்த ஆண்டுகள் உண்டு, வறுமை உண்டு. ஆனால் குறைந்த மீன் மறுபடி கூடியது.

இதே பொறிகளில் பிடிபட்ட மீன்களின் வாயில் மாட்டியிருந்த தூண்டில் முட்களைச் சேகரித்தவர் மாஸ்ஸிமோ செல்லா என்ற இத்தாலிய உயிரியலாளர். ஒவ்வொரு ஊரின் முள்ளும் ஒரு வடிவம். மத்தியதரைக் கடலில் பிடித்த மீனின் வாயில் அட்லாண்டிக் மீனவர்களின் முள் இருந்தது. இந்த மீன் மத்தியதரைக் கடலைவிட்டு வெளியே போவதே இல்லை என்று அன்று பல அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். செல்லா 1929இல் அந்த முட்களை வைத்தே மறுத்தார்.

சரி, அப்படியானால் என்னதான் நடந்தது?

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வந்தது சுருக்குமடி. நம் கடற்கரையில் ஊருக்கும் ஊருக்கும் சண்டை மூட்டிவிட்ட அதே வலைதான், அங்கே இன்னும் பெரிய கப்பல்களில். மீன் கூட்டத்தைத் தேடிப்போய், சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கிக் கூட்டத்தை முழுதாக எடுத்துவிடும். இத்தாலிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பறக்கும் தொன்னாரா'. கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சின்ன விமானங்களும் வந்தன. மீன் முட்டையிடக் கூடும் இடத்துக்கே கப்பல் போய்விட்டது. பொறிவலை கரையை ஒட்டி வரும் ஒரு பகுதியை மட்டும்தான் பிடிக்கும். ஆழத்தில் போனது, வேறு வழியில் போனது, வலை இறக்குவதற்கு முன்பே வந்துவிட்டது எல்லாம் தப்பித்துப்போய் முட்டையிடும். சுருக்குமடியிலிருந்து தப்புவதற்கு அப்படி எந்த வழியும் இல்லை.

வாங்குவதற்கு ஜப்பான் இருந்தது. பச்சையாகச் சாப்பிட இந்த மீனின் கொழுத்த சதையைவிட உயர்ந்தது அவர்களுக்கு இல்லை. 1970களிலிருந்து, மைனஸ் 60 டிகிரியில் உறைய வைக்கும் வசதி வந்ததும், உலகின் எந்த மூலையில் பிடித்த மீனும் தோக்கியோவுக்குப் போகலாம் என்றானது. 1990களில் இன்னொரு தொழில் சேர்ந்தது. சுருக்குமடியில் பிடித்த மீனைக் கொல்லாமல், மிதக்கும் கூண்டுக்கு மாற்றி, மெதுவாக இழுத்துக்கொண்டுபோய் மால்டா, குரோவேஷியா, ஸ்பெயின் கரைகளில் மாதக்கணக்கில் சாளையும் கானாங்கெளுத்தியும் போட்டுக் கொழுக்க வைப்பது. சூரையின் எடை ஒரு கிலோ கூடுவதற்குப் பத்து கிலோவுக்கு மேல் சிறுமீன் தேவைப்படும். கடலுக்கு நடுவில் கூண்டிலிருந்து கூண்டுக்கு மாறும் மீனை எண்ணுவது அன்று யாராலும் சரியாக முடியவில்லை. பலர் எண்ணவும் விரும்பவில்லை.

இதை மேற்பார்க்க ஒரு அமைப்பு உண்டு. அட்லாண்டிக் சூரைகளைக் காப்பதற்கான பன்னாட்டு ஆணையம், மத்ரித்தில் இருக்கிறது, ஐக்காட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2007இல் அது கிழக்குக் கூட்டத்துக்கு அனுமதித்த அளவு 29,500 டன். அதன் விஞ்ஞானிகளே அந்த ஆண்டு உண்மையில் பிடித்தது சுமார் 61,000 டன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 15,000 டன்னைத் தாண்டக் கூடாது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஃபாவிஞ்ஞானாவில் கடைசி மத்தான்சா நடந்ததும் அதே 2007இல்தான். இது தற்செயல் இல்லை. காத்திருப்பவருக்கு வருவது மட்டும்தான் கிடைக்கும். வழியிலேயே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வாசலில் என்ன வரும்? நூறு பேர் மூன்று மாதம் உழைத்து வலை இறக்கி, கடைசியில் சில பத்து மீன்களோடு திரும்பிய ஆண்டுகள் இருந்தன. கடைசி நாட்களில் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காகவே ஓரளவு நடந்தது என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த காணொளி அந்தக் காலத்ததாக இருக்கலாம். அந்தத் தீவின் கடைசி ராயிஸ் ஜோவாக்கினோ கத்தால்தோ 2018இல் இறந்துபோனார். இத்தனை தலைமுறையாகக் கைமாறி வந்த நீரோட்டக் கணக்கும் வலைக்கணக்கும் அங்கே அவரோடு நின்றுவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் மனம் கனக்கும் இடம் இதுதான்.

அடுத்து நடந்ததையும் சொல்லாவிட்டால் பதில் பாதியில் நிற்கும். 2010இல் இந்த மீனின் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்ய மொனாக்கோ கொண்டுவந்த முன்மொழிவு தோஹா மாநாட்டில் தோற்றது. ஆனால் அந்த அச்சுறுத்தல் வேலை செய்தது. அந்த ஆண்டின் அனுமதி 13,500 டன்னாக இறங்கியது. விமானத் தேடலுக்குத் தடை, 30 கிலோவுக்குக் குறைந்த மீனுக்குப் பொதுத் தடை, சுருக்குமடிக் கப்பல்களில் கண்காணிப்பாளர்கள், கூண்டுக்கு மாற்றும்போது நீருக்கடியில் படப்பதிவு என்று ஒன்றொன்றாக இறுகின. 2003ஐ ஒட்டிப் பிறந்த ஒரு பெரிய தலைமுறையும் அதே சமயம் வளர்ந்து வந்தது. மீன் மீண்டது. 2011இல் அழியும் ஆபத்தில் உள்ளது என்று சிவப்புப் பட்டியலில் இருந்த இனம், 2021இல் குறைந்த கவலைக்குரியது என்ற வகைக்கு வந்தது. 2023 முதல் 2025 வரை ஆண்டு அனுமதி 40,570 டன். மீன்வள மேலாண்மையில் இவ்வளவு வேகமான மீட்சி அபூர்வம், அதை மனமாரப் பாராட்டுகிறேன். மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் மேற்குக் கூட்டம் மட்டும் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

மீன் திரும்பி வந்தபோது அதைப் பிடிக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அனுமதி அளவை நாடுகளுக்குள் பிரிக்கும்போது, அந்தந்த நாட்டில் சமீப ஆண்டுகளில் யார் அதிகம் பிடித்தார்கள் என்பதே பெரும்பாலும் கணக்கில் வந்தது. அதிகம் பிடித்தவர்கள் சுருக்குமடிக்காரர்கள். இத்தாலியின் பங்கில் பெரும்பகுதி அவர்களுக்கே போனது. ஒன்றும் கிடைக்காமல் நின்றுபோன பொறிகளுக்குக் காட்டுவதற்குக் கணக்கே இல்லை. கடலைக் காலி செய்தவர்களுக்கு உரிமை, காலியானதால் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்ற இந்தப் பங்கீடு அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஃபாவிஞ்ஞானா தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். பழைய கறுப்புப் படகுகளும் நங்கூரங்களும் உள்ளே வரிசையாகக் கிடக்கின்றன. வாசலுக்கு எதிரே கடலில் சூரை மறுபடி போய்வந்துகொண்டிருக்கிறது.

பொறியைப் புனிதமாக்குவது என் நோக்கமில்லை. இன்று சில பொறிகளும் மீனை உடனே எடுக்காமல் கொழுக்க வைக்கின்றன, அவற்றின் மீனும் பெரும்பாலும் ஜப்பானுக்குத்தான் போகிறது. கொல்லும் முறையும் மாறிவிட்டது. பார்பாத்தேயில் சமீப ஆண்டுகளாக முக்குளிப்பவர்கள் வலைக்குள் இறங்கி ஒவ்வொரு மீனையும் நீருக்கடியில் துப்பாக்கியால் தலையில் சுட்டுச் சாய்க்கிறார்கள். மீன் போராடிச் சாகும்போது உடம்பின் சூடு கூடிச் சதை வெந்ததுபோலக் கெட்டுவிடும், விலை போகாது. வாங்குபவருக்காக வந்த மாற்றம்தான், ஆனால் மீனுக்கும் அது நல்லதாகவே முடிந்தது. நீங்கள் பார்த்த சிவந்த கடலை இனி எளிதில் பார்க்க முடியாது.

இப்போதும் நடக்கிறதா என்றால், நடக்கிறது. ஸ்பெயினில் கோனில், பார்பாத்தே, ஸஹாரா, தரீஃபா என்று நான்கு பெரிய அல்மத்ராபாக்கள் ஆண்டுதோறும் வசந்தத்தில் இறங்குகின்றன. மே மாதம் அந்த ஊர்களுக்குப் போனால் உணவகம் உணவகமாகச் சூரைதான், ரோன்கேயோவை மக்கள் முன்னால் செய்து காட்டுவார்கள். நீரிணையின் மறுபக்கம் மொரோக்கோவின் அட்லாண்டிக் கரையிலும் பொறிகள் உண்டு. இத்தாலியில் சார்தீனியாவின் தென்மேற்கு மூலையில் கார்லோஃபோர்த்தேயும் போர்த்தோஸ்கூசோவும் இருக்கின்றன. கார்லோஃபோர்த்தே மக்கள் ஜெனோவாவுக்குப் பக்கத்திலிருந்து துனிசியாவின் தபர்க்கா தீவுக்குப் பவளம் எடுக்கப் போய், 1738இல் அங்கிருந்து வந்து குடியேறியவர்கள். தீவில் இன்றும் ஜெனோவாப் பேச்சைத்தான் பேசுகிறார்கள், ஜூன் வாக்கில் சூரைக்கென்று பெரிய திருவிழா எடுக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட, போக முடிந்தால் ஜெனோவாவுக்குக் கிழக்கே கமோலி என்ற சிற்றூருக்குப் போய்ப் பாருங்கள் என்பேன். அங்கே இருப்பது சின்னத் தொன்னாரா. பெரிய சூரை எப்போதாவதுதான் வரும், மற்றபடி சின்னச் சூரை வகைகளும் கரையோர மீன்களும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடலில் இருக்கும், ஒரு நாளில் பலமுறை சில பேர் படகில் போய்க் கையாலேயே வலையைத் தூக்குவார்கள். அந்த வலையின் பெரும்பகுதி நைலான் இல்லை, தென்னை நார்க்கயிறு. மீனவர்களே உட்கார்ந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். கடலில் கிடக்கும் மாதங்களில் அந்த நாரில் பாசி படர்ந்து, அதைத் தின்ன சின்ன மீன்கள் வந்து, அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். பருவம் முடிந்ததும் அந்த நார் கடலிலேயே மட்கிவிடும்.